எலக்ட்ரிக் காரில் அணைத்தாலும் மறுபடி எரியும் எச்சரிக்கை விளக்கு: வாரண்டி மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: திருநெல்வேலியில் வசிக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் 14.8 லட்சம் ரூபாய்க்கு ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கினேன். பாதிப் பணம் வங்கிக் கடன். ஐந்தாவது மாதமே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் ஆமைச் சின்னமும் எரிந்தன. வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். இதுவரை ஐந்து முறை இதே கதை. போன மாதம் இரவு 10 மணிக்கு, குழந்தைகளோடு மதுரையிலிருந்து திரும்பும்போது, கயத்தாறு அருகே சிவப்பு விளக்கு எரிந்தது. இருட்டில் நிற்கப் பயந்து வீடுவரை ஓட்டி வந்துவிட்டேன். இப்போது பேட்டரிப் பெட்டியின் அடியில் கீறல் இருக்கிறது, வெளியிலிருந்து அடிபட்டது, வாரண்டியில் வராது, 4.5 லட்சம் ஆகும் என்கிறார்கள். சிவப்பு விளக்குக்குப் பிறகு ஓட்டியதும் என் தவறாம். கார் அவர்களிடமே நிற்கிறது. இஎம்ஐ கட்டுவதை நிறுத்திவிடலாமா? வழக்குப் போட்டால் புதுக் கார் கிடைக்குமா?

பதில்: உங்கள் பக்கம் பலவீனமான இடம் ஒன்றுதான், அதையே முதலில் பேசிவிடுவோம். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு ஓட்டியது. டேஷ்போர்டு விளக்குகளின் நிறத்துக்குப் பொதுவான அர்த்தம் உண்டு. சிவப்பு என்றால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் காட்டு. பச்சை, நீலம் வெறும் தகவல். காரோடு தந்த கையேட்டில் ஒவ்வொரு சின்னத்துக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கையேட்டை யாரும் படிப்பதில்லை, ஆனால் வழக்கு என்று வந்தால் எதிர்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அதைத்தான். உங்கள் கையேட்டில் அந்தச் சிவப்புச் சின்னத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ‘நிறுத்தவும்’ என்று தெளிவாக இருந்தால் அதை மறைக்கப் பார்க்காதீர்கள். இரவு, நெடுஞ்சாலை, குழந்தைகள் என்று நடந்ததை நடந்தபடி புகாரில் சொல்லுங்கள். உண்மையை நாமே சொல்லிவிட்டால் அதை வைத்து நம்மை மடக்க முடியாது.

ஆனால் அந்த ஓட்டத்தால் உங்கள் உரிமை மொத்தமும் போய்விடாது. பேட்டரி கெட்டதே அந்த இருபத்தைந்து கிலோமீட்டரால்தான் என்று அவர்கள் காட்ட வேண்டும். அதே கோளாறு அதற்கு முன்பே ஐந்து முறை தலைகாட்டியிருக்கிறதே! உங்கள் வழக்கு நிற்பதும் இந்த ஐந்து முறையின் மேல்தான்.

ஆமைச் சின்னம் என்றால் கார் தானாகவே தன் சக்தியைக் குறைத்துக்கொண்டது என்று பொருள். சார்ஜ் மிகவும் இறங்கியிருந்தால் அது வரும். பேட்டரி அதிகமாகச் சூடானாலும், மோட்டாரிலோ உயர் மின்னழுத்த அமைப்பிலோ கோளாறு இருந்தாலும் வரும். சில வண்டிகளில் 12 வோல்ட் சின்ன பேட்டரி சோர்ந்துபோனாலே சம்பந்தமில்லாத விளக்குகள் வரிசையாக எரியும். ஆகவே விளக்கு எரிந்தால் அதன் எர்ரர் கோடு (காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்) என்ன, எதனால் வந்தது, எதை மாற்றினோம் அல்லது சரிசெய்தோம் என்ற மூன்றுக்கும் சர்வீஸ் சென்டர் பதில் சொல்ல வேண்டும். எர்ரர் கோடை மட்டும் அழித்தால் விளக்கு அணையும். காரணம் உள்ளேயே இருக்கும். காய்ச்சல் பார்க்கும் கருவியை உதறி வைத்துவிட்டு காய்ச்சல் போய்விட்டது என்பது போலத்தான் இது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறது. பொருளின் தரத்திலோ செயல்திறனிலோ குறை இருந்தால் பிரிவு 2(10)-ன்படி அது ‘பழுது’. செய்ய வேண்டிய சேவையைச் சரியாகச் செய்யாவிட்டால் பிரிவு 2(11)-ன்படி ‘சேவைக் குறைபாடு’. உங்கள் விஷயத்தில் இரண்டும் இருக்கிறது. பழுதுக்குத் தயாரிப்பு நிறுவனமும், குறைபாட்டுக்கு டீலரும் பதில் சொல்ல வேண்டும். எனவே இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்க்க வேண்டும். டீலரை மட்டும் சேர்த்தால் ‘கம்பெனி ஒப்புதல் தரவில்லை’ என்பார், கம்பெனியை மட்டும் சேர்த்தால் ‘டீலர் தனி வியாபாரி’ என்பார்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஜாப் கார்டு, அதாவது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது உங்கள் புகாரை எழுதித் தரும் சீட்டு. ஐந்து முறைக்கும் ஜாப் கார்டு இருக்கிறதா? அதில் நீங்கள் சொன்ன புகார் நீங்கள் சொன்னபடியே இருக்கிறதா, அல்லது ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருக்கிறார்களா? என்னிடம் வரும் கார் வழக்குகளில் பாதி இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. நல்ல கேஸ், ஆனால் காகிதத்தில் ஒன்றும் இருக்காது. உங்களிடம் கார்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, ஐந்து வருகைகளின் சர்வீஸ் விவரம், பதிவான எர்ரர் கோடுகள், செய்த சாஃப்ட்வேர் அப்டேட்டுகள் எல்லாவற்றையும் கேட்டு டீலருக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் அனுப்புங்கள். விளக்கு எரிந்தபோது எடுத்த போட்டோ, வீடியோ, காரின் ஆப்பில் வந்த அறிவிப்பு எதையும் அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம், 2023-ன் பிரிவு 63-ன்படி ஒரு சான்றிதழ் இணைப்போம். நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும், இருந்தால் பின்னால் வாதம் குறையும்.

அடுத்து அந்தக் கீறல். நீங்கள் நேரில் போய் வண்டியை ராம்ப்பில் ஏற்றச் சொல்லி, கீறலை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பெட்டி நசுங்கியிருக்கிறதா, வெறும் பெயிண்ட் போயிருக்கிறதா என்பது படத்தில் தெரிய வேண்டும். முந்தைய ஐந்து வருகைகளில் எதிலாவது அடிப்பகுதியில் சேதம் என்று குறித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். குறிக்கவில்லை என்றால், முதல் நான்கைந்து முறை விளக்கு எரிந்ததற்கு இந்தக் கீறல் எப்படிக் காரணமாகும்? இந்த ஒரு கேள்விக்கே அவர்களால் பதில் சொல்ல முடியாமல் போகலாம்.

வெளியடி என்றால் இன்சூரன்ஸில் கேளுங்கள் என்றும் சொல்வார்கள். பாலிசிப்படி தகவல் தெரிவிப்பது தப்பில்லை. ஆனால் க்ளெய்ம் படிவத்தில் ‘கல்லில் அடிபட்டது’ என்று டீலர் சொல்லித்தருகிற வாசகத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஆணையத்தில் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். ‘டீலர் இப்படிக் கூறுகிறார், எனக்கு எந்த மோதலும் தெரியாது’ என்று உள்ளதை எழுதுங்கள். சர்வேயர் வந்து பார்த்தால் அவருடைய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

புதுக் கார் கிடைக்குமா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 39-ன்படி பழுதை நீக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நஷ்டஈடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவிடலாம். ஆனாலும் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. மாருதி உத்யோக் தொடர்பான ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் சொல்லும்போது முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. மறுபக்கம், 2022-ல் ஹூண்டாய் கிரெட்டா ஒன்றில் விபத்தின்போது ஏர்பேக் விரியாத வழக்கில், கார் வாங்குபவர் விசையும் வேகமும் கணக்குப் போடும் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, வண்டியை மாற்றித் தரும் உத்தரவையே அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. எனவே கோரிக்கையை இப்படி அமைப்பேன்: பேட்டரித் தொகுப்பை இலவசமாகச் சரிசெய்து அல்லது மாற்றி, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கார் நின்ற காலத்துக்கு வாரண்டியை நீட்டித்து, வாடகை வண்டிச் செலவும் நஷ்டஈடும் தர வேண்டும். அது முடியாவிட்டால் மாற்றுக் காரோ பணமோ தர வேண்டும்.

நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். 10 முதல் 20 லட்சம் வரையான விலைக்கு ஆணையக் கட்டணம் 400 ரூபாய்தான். காலக்கெடு இரண்டு வருடம். மறுப்பு வந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடம் உண்டு, ஆனால் முதல் விளக்கு எரிந்த நாளிலிருந்தே எண்ணிக்கொண்டு அதற்குள் போட்டுவிடுவது நல்லது. ஒன்பது மாதம் போய்விட்டது. புகாரோடு சேர்த்தே, காரைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி பிரிவு 38-ன்கீழ் ஒரு மனுவும் கொடுங்கள். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அதுபோன்ற ஓர் இடத்தைக் கேட்கலாம். பரிசோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு வக்கீல் நோட்டீஸ், கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் ஒரு புகார். சில கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். இதே மாடலில் வேறு பலருக்கும் இதே விளக்கு எரிகிறது என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 110ஏ-ன்படி வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதற்கான அரசு இணையதளத்தில் உங்கள் புகாரையும் பதியுங்கள். உங்கள் வழக்குக்கு அது மாற்று அல்ல.

இஎம்ஐயை நிறுத்தாதீர்கள். கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையே, காரின் பழுது அதில் வராது. நிறுத்தினால் சிபில் கெடும், வண்டியையே வங்கி எடுத்துக்கொண்டால் வழக்கின் முக்கிய ஆதாரமும் கையைவிட்டுப் போகும். கட்டிய தவணைகளையும் நஷ்டஈட்டுக் கணக்கில் காட்டுவோம்.

வழக்கு ஒருபக்கம் இருக்கட்டும், இனி எந்த வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, வண்டியை அணைத்து, குழந்தைகளைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் இறக்கிவிட்டு, கம்பெனியின் சாலை உதவி எண்ணை அழையுங்கள். புகையோ கருகல் வாடையோ வந்தால் வண்டியை விட்டு நன்றாக விலகி 101 அல்லது 112.

நாளை காலையில் முதல் வேலை: ‘என் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பேட்டரிப் பெட்டியைத் திறக்கவோ, காரில் பதிவான எர்ரர் கோடுகளை அழிக்கவோ, சாஃப்ட்வேரை மாற்றவோ கூடாது’ என்று டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரு கடிதம். ஸ்பீட் போஸ்ட் ரசீதை ஜாப் கார்டுகளோடு சேர்த்து வைத்து, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வக்கீலைப் பாருங்கள்.