சூப்பர் மார்க்கெட் குடோனுக்குச் சரக்கு அனுப்புவது: கேள்வி பதில்

பல சப்ளையர்களின் சரக்கை ஒரே வண்டியில் சேர்த்து, சங்கிலிக் கடைகளின் குடோனுக்குக் கொண்டுபோகும் வெளி நிறுவனங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல வருடமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, ஈரோட்டில் மசாலாத்தூள் தயாரிக்கிறோம். ஒரு ஆர்டருக்கு 40 பெட்டிதான், தனி வண்டி கட்டுப்படியாகாது. பார்சல் சர்வீஸில் போட்டால் பெங்களூர் குடோனில் திருப்பி விடுகிறார்கள்.

வெளியே கொடுத்துவிடுங்கள். வாடகை மிச்சமாவது இதில் சின்ன லாபம்தான். பார்சல் சர்வீஸில் உங்கள் பெட்டி நாலு இடத்தில் இறங்கி ஏறும், எந்த நாள் போய்ச் சேரும் என்று அவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கடைக்காரர் குடோனோ முன்கூட்டி நேரம் வாங்கிய வண்டியைத்தான் உள்ளே விடும், பி.ஓ. (கடைக்காரர் தரும் கொள்முதல் ஆர்டர்) தேதி தாண்டிவிட்டால் அந்த ஆர்டரே போச்சு. சேர்த்து அனுப்புகிறவர் அதே குடோனுக்குப் போகும் பத்துப் பேர் சரக்கை ஒரு 32 அடி கண்டெய்னரில் ஏற்றி, ஒரே நேரம் வாங்கி, நேராகக் கொண்டுபோய் இறக்குகிறார். ஹால்டிங், அதாவது வண்டி காத்து நிற்பதற்கான கட்டணம், வந்தாலும் பங்கு பிரிந்துவிடும். ஒன்று மட்டும், அவர்கள் குடோனுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா, ஊதுபத்தி, சோப்புப் பக்கத்தில் உங்கள் தூளை அடுக்குகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

வண்டி நிரம்பும்வரை சரக்கு காத்திருந்தால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டு) காலாவதி ஆகாதா?

ஒரே மாநிலத்துக்குள் 50 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்தில் டிரான்ஸ்போர்ட்டர் இடத்துக்குக் கொண்டுபோகும்போது அந்த பில்லில் வண்டி விவரம் போடும் பகுதி 'பி' நிரப்பத் தேவையில்லை. ஈரோட்டிலிருந்து பெருந்துறைக்குப் போகிற மாதிரி என்று வையுங்கள். பகுதி 'பி'யில் வண்டி நம்பர் ஏறிய பிறகுதான் கெடு ஓடத் தொடங்கும், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. ஆனால் கூட வருகிறவர் பில் தப்பாக இருந்தால் செக்கிங்கில் மொத்த வண்டியும் நிற்கும், அதனால் எல்லார் பில்லையும் ஏற்றும் முன்பே சரிபார்க்கிற ஆளா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சார், கரூரில் பெட்ஷீட் போடுகிறோம். வழியில் நனைந்தால் அவர்கள்தானே முழுசாகக் கொடுக்க வேண்டும்?

இல்லை சார், நிறையப் பேர் இதில்தான் அடிபடுகிறார்கள். 2007 சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் (Carriage by Road Act) 2011 விதிகளும் சொல்வது, மதிப்பைக் காட்டிக் கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டால் வாடகையைப் போல பத்து மடங்குதான் அதிகபட்ச பொறுப்பு. வாடகை 3,000 என்றால், நாலு லட்ச ரூபாய் சரக்குக்கு 30,000 தான் வரும்! டிரான்சிட் இன்சூரன்ஸை உங்கள் பெயரிலேயே எடுங்கள், அவர்கள் பாலிசியை நம்பி இருக்காதீர்கள். வழக்கு என்று போவதானால் அதற்கு முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதுவும் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். சேதத்தை டெலிவரி ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள், அப்புறம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்களுக்கு வாரம் ஒரு முழு லோடு போகிறது. எங்களுக்கும் இது லாபமா?

அந்த குடோனுக்கு வேண்டாம், உங்கள் வண்டியே நேராகப் போகட்டும். சின்னச் சின்ன ஆர்டர் போகும் ஊர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

விலை விவரம் போட்டியாளருக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான். ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் ஷரத்து போடுங்கள். கடையோடு பேசுகிற வேலையை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள், எத்தனை பெட்டி ஏற்றுக்கொண்டார்கள் என்று குடோன் தரும் ஜி.ஆர்.என். (சரக்கு பெற்ற சீட்டு) நகல் அன்றைக்கே உங்கள் மெயிலுக்கு வர வேண்டும், பில் பணம் அதை வைத்துத்தான் வரும்.