கையில் கொடு (கடிதம்)

அன்புள்ள அக்கா,

பெரம்பூர் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 24 பையன்கள், 19 பெண்பிள்ளைகள். ஆளுக்கு ஒரு பக்கமாக உட்காருகிறார்கள். குரூப் புராஜெக்ட் கொடுத்தால் ஒரு குரூப்புக்குள்ளேயே இரண்டு குரூப் ஆகிவிடுகிறது. பெண்கள் சார்ட் எழுதுகிறார்கள், பையன்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். சத்தம் போடும் பையனைப் பெண்கள் பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தால் மட்டும் கொஞ்ச நேரம் அடங்குகிறான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் டீம் பில்டிங் ஆக்டிவிட்டி நடத்த ஆசை. பேப்பர் கப் கோபுரம், கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, கை கோத்து முடிச்சு அவிழ்ப்பது என்று யூடியூபில் நிறையப் பார்த்தேன். எதைச் செய்யலாம்? பையன்களுக்கு இயல்பிலேயே சேர்ந்து வேலை செய்ய வராதா? பெற்றோர் ஏதாவது சொல்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

ஓர் ஆசிரியை, சென்னை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில் ஒரு நாள், ராத்திரி பதினொரு மணிக்கு என் அக்கா மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சார்ட் எழுதிக்கொண்டிருந்தாள். ஒளிச்சேர்க்கை. பச்சை ஸ்கெட்ச் பாதி இலையில் தீர்ந்துபோய், மீதி இலையைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்தாள். "குரூப் ஒர்க்னு சொன்னியே, மத்தவங்க எங்கடி?" என்றேன். "மூணு பசங்க சித்தி. சார்ட் வாங்கிக் குடுத்துட்டாங்க. நாளைக்கு கிளாஸ்ல அவங்கதான் நின்னு பேசுவாங்க." வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. குடை இல்லாவிட்டால் நனைவோம் என்பதுபோலச் சொன்னாள். அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கோபித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சத்தம் போடும் பையனைப் பெண்கள் பெஞ்சில் உட்காரவைப்பேன் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அந்தப் பெஞ்சில் 19 பேர் தினமும் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? அவர்கள் உட்காரும் இடம்தான் அந்த வகுப்பின் தண்டனை இடம் என்று நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள். அந்தப் பையன் அடங்குவது உண்மைதான். அவமானத்தில் அடங்குகிறான். பக்கத்துப் பெண்ணின் நோட்டில் கை பட்டுவிடாமல் ஒடுங்கி உட்கார்ந்திருப்பான், பின்னாலிருந்து அவன் நண்பர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் முகத்தை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? நீங்களும் ஒரு காலத்தில் அந்தப் பெஞ்சில் இருந்தவர்தானே அம்மா? திங்கள் முதல் வியாழன் வரை அவமானம் என்று கற்றுக்கொடுத்ததை, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் விளையாட்டு என்று மாற்றிச் சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்? அதை நாளைக்கே நிறுத்துங்கள். நிறுத்தாமல் எந்த ஆக்டிவிட்டி நடத்தினாலும் வீண்.

பையன்களுக்கு இயல்பிலேயே வராதா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். ஒரே ஒரு பேட்டை வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் கிரிக்கெட் ஆடுகிறவர்கள், ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டுப் பந்து வாங்குகிறவர்கள், அவர்களுக்கா சேர்ந்து வேலை செய்யத் தெரியாது? பெற்றோர் விஷயமும் பெரிதில்லை. எச்.எம்.மிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வகுப்புக் கதவு திறந்தே இருக்கட்டும். கை கோக்கும் விளையாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். பதின்மூன்று வயதில் அது கூச்சத்தைக் கூட்டும், குறைக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுக்கப் போனது. நான்காம் வகுப்பு வரை பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை எடுத்துப் படித்தார்கள். பாடத்தில் யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்பதுதான் அங்கே கணக்கு, ஆணா பெண்ணா என்பதில்லை. அப்படி ஒரே பாயில் உட்கார்ந்த பிள்ளைகள்தான் ஆறாம் வகுப்பு வந்ததும் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். நடுவில் சந்து விட்டு பெஞ்சைப் போட்டது நாம்தான்.

சரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வடசென்னையில் ஒரு பள்ளி, நான் ஏழாம் வகுப்பு. அந்தக் கோடையில் எங்கள் பள்ளியின் போர்வெல் வற்றிவிட்டது. காலை ஏழரைக்குத் தண்ணி லாரி வரும். சந்து குறுகல் என்பதால் உள்ளே வராது, குழாயும் எட்டாது. வாசலிலேயே இரண்டு டிரம்மில் திறந்துவிடுவார்கள். அங்கிருந்து சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தொட்டி வரை நாங்கள்தான் வாளியில் கொண்டுபோக வேண்டும். லாரி இருபது நிமிஷம்தான் நிற்கும். தொட்டி நிறையாவிட்டால் கக்கூஸைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் பையன்கள் சுவர் ஓரம் போய்விடுவார்கள். நாங்கள் மதியத்துக்கு மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், இல்லையென்றால் ஏதாவது பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடுவோம்.

எங்கள் கணக்கு மிஸ் எங்களை உயர வரிசையில் நிறுத்தினார். பிரேயருக்கு நிற்பதுபோல ஆண் ஒரு வரிசை, பெண் ஒரு வரிசை இல்லை. ஒரே வரிசை. அதனால் அங்கங்கே ஒரு பையனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்துவிட்டாள். முதல் நாள் என்ன ஆனது தெரியுமா? பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு வாளி கைமாறிப் போனது. பையனிடமிருந்து பையனுக்கும் அப்படித்தான். ஆணும் பெண்ணும் அடுத்தடுத்து நின்ற இடங்களில் மட்டும் வாளியைத் தரையில் வைத்தோம். ஒருவர் வைக்க, கையை எடுத்துவிட்டார் என்று பார்த்துவிட்டு மற்றவர் எடுக்க. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் சிந்தி அந்த இடங்களெல்லாம் சேறானது. லாரி போகும்போது தொட்டி பாதிகூட நிறையவில்லை. கக்கூஸைப் பூட்டினார்கள்.

மறுநாள் மிஸ் ஒன்றும் பேசவில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்றோ, ஒற்றுமையே பலம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. வரிசை ஓரமாக நடந்துகொண்டே, சேறு இருந்த இடத்திலெல்லாம் நின்று, "கீழே வைக்காதே, கையில் கொடு" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான்.

தகர வாளி, கம்பிப் பிடி. நிறைந்த வாளியின் கம்பி உள்ளங்கையில் இறங்கும். கொடுப்பவர் கம்பியின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மறு ஓரத்தை விட்டுவைக்க வேண்டும், அப்போதுதான் வாங்குபவருக்குப் பிடி கிடைக்கும். எனக்கு அடுத்து நின்றவன் இடதுகைக்காரன். நான் விட்டுவைத்த ஓரம் அவனுக்குத் தோதுப்படவில்லை, ஒவ்வொரு வாளிக்கும் என் பாவாடை நனைந்தது. மூன்று நாள் அவன்மேல் எரிச்சல். நாலாவது நாள்தான் அவன் எந்தக் கையை நீட்டுகிறான் என்று பார்த்தேன். கம்பியைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "இப்டியே குடு" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பல ஆண்டுகள் கழித்து முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளரின் ஆய்வைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. 1954, அமெரிக்காவின் ஓக்லஹோமா. 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு கோடை முகாமில் தங்கவைத்தார். போட்டி வைத்ததும் பகை வந்துவிட்டது. சரி, சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போடலாம், படம் காட்டலாம் என்று பார்த்தார்கள். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? முகாமுக்கு வரும் தண்ணீரை நிறுத்தினார்கள். குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று இரண்டு அணியும் தேட வேண்டியதாயிற்று. பிறகு ஒரு லாரி நின்றுபோனது. கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிரே இழுத்த அதே கயிற்றைக் கட்டி எல்லோரும் ஒரே பக்கமாக இழுத்தார்கள். ஒரே நாளில் பகை போகவில்லை, இப்படிப் பல வேலைகள் வேண்டியிருந்தன. அங்கே இருந்தது பையன்கள் மட்டும்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒரே மேஜையில் உட்காரவைப்பதால் மட்டும் யாரும் சேர்ந்துவிடுவதில்லை என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும்கூடப் பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பேப்பர் கப் கோபுரத்தில் எனக்கு உற்சாகம் இல்லாததற்குக் காரணம் இதுதான். கோபுரம் விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சிரித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று தனியாகவே கட்டியும் முடித்துவிடும்.

உங்கள் வெள்ளிக்கிழமைக்கு ஒன்று சொல்கிறேன். 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்தபோது சண்டை மூண்டது. எலியட் ஆரன்சன் என்ற பேராசிரியர் அதற்கு ஒரு வழி செய்தார். நீங்கள் நாளைக்கே செய்யலாம். பாடத்தை ஐந்து துண்டாக வெட்டுங்கள். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. முழுப் பாடம் யார் கையிலும் இருக்கக் கூடாது. ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் வந்து முதலில் கூடிப் படிக்கட்டும், அப்புறம் தங்கள் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுக்கட்டும். கடைசியில் முழுப் பாடத்திலும் தேர்வு. எதிரே இருக்கும் பெண் சொல்வதைக் கேட்காவிட்டால் அவனுக்கு மார்க் போய்விடும். அவன் முணுமுணுத்தால் அவள் "சத்தமாச் சொல்லு" என்று கேட்டே ஆக வேண்டும். யாருக்கு எந்தத் துண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சார்ட் எழுதுவதையும் அப்படியே. கையெழுத்து கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பெஞ்ச் தூக்குவது பையன், கூட்டிப் பெருக்குவது பெண் என்ற வழக்கத்தையும் அதே சீட்டில் போட்டுக் குலுக்கிவிடுங்கள்.

பி.டி. சாரிடம் சொல்லிக் கலப்புத் தொடர் ஓட்டம் ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள். ஒலிம்பிக்கில் அது முதன்முதலாக வந்தது டோக்கியோவில்தான், 2021-ல். நாலு பேர், ஆளுக்கு நானூறு மீட்டர், இரண்டு ஆண், இரண்டு பெண். இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் மூவரும் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். இந்த ஓட்டத்தில் கைமாற்றும் கோலை, அதாவது பேட்டனை, வாங்குகிறவர் திரும்பி, வருகிறவரைப் பார்த்தபடிதான் கையை நீட்ட வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஓட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, இன்னொரு தடவை போடுங்கள்.

அந்த ஆண்டு மழை வந்ததும் லாரி நின்றுவிட்டது. நாங்கள் பழையபடி இரண்டு பக்கமாகத்தான் உட்கார்ந்தோம், அதில் மாற்றம் இல்லை. ஒரு நாள் கணக்கு பீரியடில், வாளி வரிசையில் எனக்கு அடுத்து நின்றவன், பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்த சந்துக்கு இந்தப் பக்கமாகக் குனிந்து, காம்பஸ் இருக்கிறதா என்று கேட்டான். அந்தப் பள்ளியில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. வகுப்பே திரும்பிப் பார்த்தது. மிஸ் போர்டில் எழுதிக்கொண்டே இருந்தார். நான் காம்பஸை எடுத்து, முள் என் பக்கம் இருக்கும்படி திருப்பி, அவன் இடது கைக்கு நேராக நீட்டினேன்.