ஒன்றேகால் கிலோமீட்டரில் முடிந்த மோட்டார்வே

கேள்வி: லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் அருகே வசிக்கும் என் மகள், வீட்டுப் பக்கத்துச் சாலை ஒரு காலத்தில் ‘எம்41’ என்ற மோட்டார்வேயாக (மோட்டார் வாகனங்களுக்கு மட்டுமான விரைவுச்சாலையாக) இருந்தது என்றும், அதன் நீளமே ஒன்றேகால் கிலோமீட்டர்தான் என்றும் சொல்கிறாள். இத்தனை சிறிய சாலைக்கு அந்தத் தகுதியை ஏன் கொடுத்தார்கள்?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை உலா செல்வோர் ஒரு நடையில் கடக்கும் தூரம்தான் அது. ஆனால் அதைக் குட்டிச் சாலையாக யாரும் திட்டமிடவில்லை. 1960களில், லண்டன் நகரின் உட்பகுதியைச் சுற்றி ‘ரிங்வே 1’ என்ற மோட்டார்வே வளையத்தை அமைக்கப் பெருநகர லண்டன் மன்றம் திட்டம் தீட்டியது. வடக்கே வில்ஸ்டனிலிருந்து தெற்கே பேட்டர்சீ வரை ரயில் பாதையை ஒட்டிச் செல்லவேண்டிய அதன் மேற்குப் பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் முதலில் கட்டப்பட்டு, 1970 ஜூலை 28 அன்று, ‘வெஸ்ட்வே’ என்னும் நீண்ட மேம்பாலச் சாலையோடு சேர்த்துத் திறக்கப்பட்டது. வளையத்தின் அங்கம் என்பதால், நீளம் எவ்வளவாக இருந்தாலும், மோட்டார்வே எண்ணும் அதற்குரிய கட்டுப்பாடுகளும் அதற்குக் கிடைத்தன. பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் அங்கே இடமில்லை. எதிர்த்திசையில் டிராக்டரே வரும் நம் ஊர்ப் புறவழிச்சாலைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

திறப்பு விழா நாளிலேயே எதிர்ப்பும் கிளம்பியது. படுக்கையறை ஜன்னலுக்குச் சில அடி தூரத்தில் வாகனங்கள் பாயப்போவதைக் கண்ட, வெஸ்ட்வேயை ஒட்டிய அக்லம் சாலை வாசிகள், தங்களுக்கு வேறு இடத்தில் வீடு தரவேண்டும் என்று பெரிய பதாகை கட்டினர். வளையம் முழுமை பெற ஏராளமான வீடுகளை இடிக்கவேண்டும் என்பது தெரியவந்ததும் எதிர்ப்பு நகரெங்கும் பரவியது. 1973இல் மன்றத் தேர்தலில் வென்ற தொழிற்கட்சி திட்டத்தைக் கைவிட்டது. என் கணிப்பில், லண்டனின் பல பழைய குடியிருப்புகளைக் காப்பாற்றிய முடிவு அது. வடக்கு முனையிலுள்ள உயரமான ரவுண்டானாவில், மேற்கொண்டு நீளவேண்டிய பாதைக்காக விடப்பட்ட குட்டைக் கிளை மட்டும் எங்கும் போகாமல் நின்றுவிட்டது.

1996 ஜூலை 13 அன்று, கார் ஆதிக்கத்தை எதிர்த்த ‘ரீக்ளெய்ம் தி ஸ்ட்ரீட்ஸ்’ இயக்கத்தினர் ஆயிரக்கணக்கில் எம்41இல் புகுந்து, போக்குவரத்தை நிறுத்தி ஆடிப்பாடினர். பொய்க்கால் கட்டி உயர்ந்து நின்றவர்களின் அகன்ற பாவாடைக்குள் ஒளிந்திருந்த சிலர், இசை முழக்கத்தின் மறைவில், துளைபோடும் இயந்திரத்தால் தார்ச்சாலையைக் குடைந்து மரக்கன்றுகளை நட்டனர். காவலர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லையாம்!

2000ஆம் ஆண்டில் மோட்டார்வே தகுதி நீக்கப்பட்டு, அது ஏ3220 என்ற எண்ணின்கீழ் வந்தது.

கேள்வி: அப்படியானால் பிரிட்டனிலேயே மிகச் சிறிய மோட்டார்வே அதுதானா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: இல்லை. ஸ்காட்லாந்தில் எர்ஸ்கின் பாலத்துக்கு இட்டுச்செல்லும் எம்898 அதைவிடச் சிறியது. ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டாத அந்தச் சாலை இன்றும் மோட்டார்வேயாகவே இருக்கிறது.