நின்ற தேருக்குத் தடி போடுவது: கேம் நிதித் திரட்டல் பற்றிய கேள்வி பதில்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் வீடியோ கேம் உருவாக்கும் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை பாளையங்கோட்டையில் கூடுகிறோம். கிரவுட்ஃபண்டிங் என்னும் கூட்டுநிதித் திரட்டல், பாதி வழியில் சோர்ந்து போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றின் சாரம். சிங்கப்பூரில் நிறுவனம் பதிவு செய்திருக்கும் நண்பரோடு சேர்ந்து, தேரிக்காட்டுப் பனையேறி ஒருவரைப் பற்றிய கேமுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதி இணையதளத்தில் 30 நாள் நிதி திரட்டியவன் என்பதால் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, முதல் மூன்று நாளில் இலக்கில் கால் பங்கு வந்துவிட்டது. எட்டாம் நாளிலிருந்து ஒன்றும் அசையவில்லை. எங்கள் கேமில்தான் ஏதோ கோளாறா?

கோளாறு என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். தொடங்கும் நாளில் தெரியப்படுத்தும்படி முன்பே பதிந்து வைத்தவர்களும், நண்பர்களும், உறவினர்களும் முதல் சில நாட்களில் வந்துவிடுகிறார்கள். திட்டத்தைச் சேமித்து வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, முடிவதற்கு 48 மணி நேரம் இருக்கும்போது தளமே நினைவூட்டல் அனுப்புகிறது என்பதால் கடைசியிலும் ஒரு கூட்டம் வருகிறது. இடைப்பட்ட நாட்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் வறண்டவைதாம்.

2012 பிப்ரவரியில் டபுள் ஃபைன் என்ற கேம் நிறுவனம் 4 லட்சம் டாலர் கேட்டு, ஒன்பது மணி நேரத்துக்குள் அதை எட்டி, இறுதியில் 33 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிய கதையைப் படித்துவிட்டு நம்மோடு ஒப்பிடுவதுதான் தவறு. அது பல ஆண்டுகள் பெயர் பெற்றிருந்த அதன் நிறுவனரின் பின்னால் வந்த கூட்டம்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரில் வடம் பிடித்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். நின்றுவிட்ட தேரை, முன்னால் இருப்பவர்கள் எவ்வளவு கத்தி இழுத்தாலும் நகர்த்துவது அரிது. பின்னால் சக்கரத்துக்கு அடியில் தடி போடுகிறவர்கள் நெம்பினால்தான் முதல் உருட்டு கிடைக்கும். உங்களுடைய நடு நாட்களுக்கு எத்தனை தடிகளை முன்கூட்டியே வெட்டி வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். தேர் நின்ற பிறகு தடி வெட்டக் காட்டுக்குப் போகிறவர்களாகத்தான் நம்மில் பெரும்பாலோர் இருக்கிறோம். முதல் முறை நானும் அப்படித்தான் இருந்தேன்.

திசையன்விளையிலிருந்து: "இன்னும் இவ்வளவு வேண்டும், தயவுசெய்து பகிருங்கள்" என்று எங்கள் திட்டப் பக்கத்தில் ஆதரவாளர்களுக்கு மூன்று அப்டேட் எழுதிவிட்டோம். யாரும் கண்டுகொள்ளவில்லை. வேறு என்னதான் எழுதுவது?

அந்த அப்டேட்டைப் படிப்பவர் ஏற்கெனவே பணம் தருவதாக ஒப்புக்கொண்டவர். அவரிடமே மீண்டும் பணத்தைப் பற்றிப் பேசினால், மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் மறுபடியும் மொய் நோட்டை நீட்டுவது போலாகிவிடும். அவருக்கு வேண்டியது சோறு. கேமில் நேற்றுவரை இல்லாத, பார்க்கவோ கேட்கவோ கூடிய ஒன்றை அவர் இலையில் வையுங்கள்.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறேன். பதின்மூன்றாம் நாள் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அப்போது எங்கள் கையில் முடிந்த நிலையில் இருந்தது ஓர் ஓசை மட்டுமே. கேமில் வரும் பனையேறி, இருள் பிரியாத நேரத்தில் மரத்தின் உச்சியில் இருந்தபடி, சீவிய பாளையிலிருந்து பதநீர் சொட்டும் ஓசையைக் கொண்டே கலயம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கணிக்க வேண்டும். உண்மையான பனையில் பதிவு செய்யப் போனபோது ஓலைகளின் சரசரப்பைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ஆகவே சுண்ணாம்பு தடவிய கலயத்தை வீட்டு முற்றத்தில் கட்டித் தொங்கவிட்டு, திரி நூல் ஒன்றின் வழியாகப் பதநீரைச் சொட்டவிட்டுப் பதிவு செய்தோம். காலிக் கலயத்தில் சொட்டு விழும்போது அடிமண் தட்டியது போன்ற வறண்ட ஓசை எழுகிறது. கால் பங்கு நிரம்பியதும் அது குழைந்துவிடுகிறது. கழுத்துவரை வந்த பிறகு ஓசை ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. மூன்று ஒலிப்பதிவுகளையும், முற்றத்தில் கலயம் தொங்கும் ஒரு படத்தையும் வைத்து, "எது பாதிக் கலயம்?" என்று மட்டும் கேட்டு அன்றைய அப்டேட்டை முடித்தோம். பணம் என்ற சொல்லே அதில் இல்லை. அதுவரை வாய் திறக்காதிருந்த ஆதரவாளர்கள் பலர் விடை எழுதினார்கள். சிலர் தம் நண்பர்களுக்கு அனுப்பி, அவர்களுக்குக் காது இருக்கிறதா என்று சோதித்தார்கள். அந்த நண்பர்களில் சிலர் புதிய ஆதரவாளர்கள் ஆனார்கள்.

பகிருங்கள் என்று கேட்காமலேயே பகிரத் தோன்றும் பொருள் இப்படி ஏதாவது உங்களிடமும் இருக்கும். நாள்தோறும் அதோடு பழகியதால் உங்கள் கண்ணுக்கு அது சாதாரணமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு பாத்திரத்தின் முதல் கிறுக்கல் ஓவியமும் இறுதி ஓவியமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே போதும். சரியாக வராமல் தூக்கி எறிந்த ஒரு காட்சியையும், அதை எறிந்ததன் காரணத்தையும் காட்டுவது இன்னும் நல்லது.

பேட்டையிலிருந்து: வாரத்துக்கு எத்தனை அப்டேட்?

30 நாள் திரட்டலுக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று போதும். அவற்றில் ஐந்தாறு, தொடங்கும் முன்பே எழுதி முடித்த நிலையில் இருக்க வேண்டும். திரட்டல் நடக்கும் மாதத்தில் உட்கார்ந்து எழுத உங்களுக்கு நேரம் இருக்காது.

தென்காசியிலிருந்து: இலக்கை நெருங்கிவிட்டோம். உற்சாகம் குறையாமல் இருக்க ஸ்ட்ரெச் கோல்களை, அதாவது இலக்கைத் தாண்டிப் பணம் வந்தால் கூடுதலாக என்ன தருவோம் என்ற வாக்குறுதிகளை, அறிவிக்கலாம் என்று எங்கள் குழு சொல்கிறது. ஆறு கூடுதல் பாத்திரங்கள் தருவதாக எண்ணியிருக்கிறோம். சரியா?

அறிவிக்கலாம், ஆனால் ஆறு பாத்திரங்கள் என்பதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2013இல் ஷவல் நைட் என்ற கேம் 75,000 டாலர் கேட்டு 3,11,000 டாலருக்கு மேல் திரட்டியது. எதிரித் தலைவர்களாக வரும் வீரர்களையும் ஆடும் பாத்திரங்களாக்கித் தருவோம் என்று அப்போது கொடுத்த வாக்கு, ஒவ்வொன்றும் தனிக் கேம் அளவுக்கு வளர்ந்தது. மூல கேம் 2014 ஜூனில் வந்துவிட்டது. வாக்குறுதிகள் எல்லாம் நிறைவேறி முடிந்தது 2019 டிசம்பரில். ஹாலோ நைட் என்ற கேமின் கதை இதைவிட நீளம். ஆஸ்திரேலியாவில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு, சுமார் 57,000 திரட்டிய அந்தச் சிறிய குழு, இரண்டாவது பாத்திரம் ஒன்றை ஸ்ட்ரெச் கோலாகச் சொன்னது. அந்தப் பாத்திரம்தான் சில்க்சாங் என்ற தனிக் கேமாகி 2025 செப்டம்பரில் வெளிவந்தது. நிதி திரட்டியது 2014இல் என்பதை நினைவில் வையுங்கள்.

இவை இரண்டும் வென்ற கதைகள். மூல கேம் நன்றாக விற்று, அந்த வருமானம் அத்தனை ஆண்டுகளையும் தாங்கியதால்தான் வென்றன. நம் போன்றவர்களுக்கு அந்தத் தாங்குதல் கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடக் கூடாது. எனவே கேமின் அளவைப் பெருக்காத ஸ்ட்ரெச் கோல்களையே நான் பரிந்துரைப்பேன்: நாகசுரமும் தவிலும் கணினி ஒலியாக இல்லாமல் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்யப்படும், இன்னொரு மொழியில் வசனம் வரும், ஓவியங்களின் தொகுப்பு ஒன்று கிடைக்கும் என்பன போன்றவை. இவற்றுக்கு ஆகும் செலவை இன்றே ஒரு தாளில் எழுதிவிடலாம். இலக்கை எட்டும் முன்பே எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாமல் ஒவ்வொன்றாகத் திறந்தால், அவையே கடைசி வாரத்துக்கான செய்திகளாகவும் அமையும்.

வள்ளியூரிலிருந்து: கேமின் ஒரு பகுதியை ஆடிப் பார்க்கத் தரும் டெமோவை முன்பே கொடுத்துவிட்டால், ஆடிப் பார்த்துவிட்டுப் பணம் தராமல் போய்விடுவார்களே?

போகிறவர்கள் போகட்டும். 2013இல் அண்டர்டேல் என்ற கேம் 5,000 டாலர் மட்டுமே கேட்டது. ஆடிப் பார்க்க டெமோ இருந்தது. 51,000 டாலருக்கு மேல் வந்தது. முன்பின் தெரியாத ஒருவரின் வாக்கை நம்புவதற்கு அந்தச் சிறிய டெமோவைவிட நல்ல சாட்சி இல்லை. கேம் விற்கும் தளமான ஸ்டீமில் டெமோவை வைத்தால், வாங்க விரும்புகிறவர்கள் கேமைக் குறித்து வைக்கும் விஷ்லிஸ்டும் கூடவே சேரும். திரட்டல் தோற்றாலும் அது உங்கள் கையில் நிற்கும்.

டெமோவை வைத்து நடு நாட்களையும் நகர்த்தலாம். கேம் ஆடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டும் பெரிய ஸ்ட்ரீமர் ஒருவரின் பதிலுக்காகக் காத்திருப்பதைவிட, உங்கள் வகைக் கேம்களையே ஆடும் சிறிய ஸ்ட்ரீமர்கள் பத்துப் பேருக்குத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளில் ஆடுமாறு பிரித்துக்கொள்ளுங்கள். டெமோவில் ஒரு புதிய அறையையோ புதிய எதிரியையோ பத்தாம் நாள் சேர்ப்பதற்கென்று ஒதுக்கியும் வைக்கலாம். அதே மாதத்தில் நிதி திரட்டும் மற்றக் கேம் குழுக்களைத் தேடி, அவர்கள் கேமை உங்கள் அப்டேட்டிலும் உங்களுடையதை அவர்கள் அப்டேட்டிலும் குறிப்பிட்டுக்கொள்வது செலவில்லாத வழி. அவர்களைப் போட்டியாளர்களாக எண்ண வேண்டியதில்லை.

மேலப்பாளையத்திலிருந்து: நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லையே அண்ணாச்சி? பொருள் வரும் முன்னே பணம் தர யோசிக்கிறார்கள். தர முன்வந்த மாமாவுக்கும் கார்டு வேலை செய்யவில்லை.

பழக்கமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊர்க் கொடைக்கு வரி பிரித்து, வில்லுப்பாட்டுக்கும் மேளத்துக்கும் முன்பணம் கொடுத்து, கொடை முடிந்ததும் கணக்கு வாசிக்கிற ஊர்கள் நம்முடையவை. 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, 10 லட்சம் ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய்ப் பங்குகள் 40,000 ஆகப் பிரித்ததும், இல்லாத கப்பலுக்குப் பலரிடம் சிறுகச் சிறுகச் சேர்க்கத்தான். அது பங்கு முதலீடு, நம்முடையது அதுவல்ல என்பதை மட்டும் மாமாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இலாபத்தில் பங்கு வரும் என்று அவர் எண்ணிக்கொண்டு பணம் போட்டால் அடுத்த பொங்கலுக்கு வீட்டில் பேச்சு வரும்.

கார்டைப் பொறுத்தவரை, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி அணைந்தே இருக்கக்கூடும். அதை இயக்கிவிட்டு முயலச் சொல்லுங்கள். இந்த வழிமுறையைப் படங்களோடு ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, தொடங்கும் நாளுக்கு முன்பே உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது நல்லது. முதல் நாள் வேகத்தில் பாதி இங்கேதான் தடுக்கி விழுகிறது.

சங்கரன்கோவிலிலிருந்து: எண் ஏறுவது போல் தெரிய, நண்பர்கள் கணக்கில் நாங்களே பணம் போட்டால் என்ன?

செய்யாதீர்கள். அது தளத்தின் விதிக்கு மாறானது. கண்டுபிடித்தால் திட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். வென்றாலும் உங்கள் சொந்தப் பணத்துக்கே 5 சதவீதக் கட்டணமும், அதற்கு மேல் பணப் பரிமாற்றச் செலவும் கட்டியிருப்பீர்கள்.

களக்காட்டிலிருந்து ஒரு தங்கை: பத்து நாள் மீதம் இருக்கிறது, 35 சதவீதத்தில் நிற்கிறோம். தொடர்வதா, நிறுத்துவதா?

கேள்வியில் உள்ள எண்ணைவிட, கடந்த ஒரு வாரத்தில் என்ன செய்து பார்த்தீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். மேலே சொன்ன தடிகளில் எதையும் போடாமல் நின்றிருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால் இலக்கு பெரிது, அல்லது கேமை ஆடும் மக்களிடம் செய்தி போய்ச் சேரவில்லை. கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாவிட்டால் யாருடைய கார்டிலிருந்தும் பணம் பிடிக்கப்படாது என்பதால், நீங்களே நிறுத்தினாலும் ஆதரவாளருக்கு நட்டமில்லை. நிறுத்தும் முன் காரணத்தை நேர்மையாக எழுதி, அவர்களை உங்கள் அஞ்சல் பட்டியலுக்கோ டிஸ்கார்டு அரட்டைக் குழுவுக்கோ அழைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை தொடங்கும்போது முதல் நாள் வருகிறவர்கள் அவர்கள்தாம்.

புனேயில் உருவான ராஜி என்ற கேம் 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டவில்லை. ஆனாலும் 2020இல் அது முழுமையாக வெளிவந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து: தொடங்கும் நேரம், முடியும் நேரம் இவற்றில் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. ஆதரவாளர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பார்கள் என்றால், நமக்கு வசதியான காலை நேரத்தில் தொடங்குவது வீண். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அந்த நேரத்தில் தொடங்கினால் ஐரோப்பியர்களும் விழித்திருப்பார்கள். முடியும் நேரமும் அவர்களுடைய ஞாயிறு மாலையாக அமையலாம். நமக்கு அது திங்கள் விடியற்காலை, ஆகவே அன்று இரவு குழுவில் ஒருவராவது கண் விழித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முடிந்த பிறகும் ஒரு வாரம் ஓயாதீர்கள். கார்டு மறுக்கப்பட்டவர்களுக்குச் சரிசெய்ய ஏழு நாள் கெடு உண்டு. நாங்கள் முதல் நாளே வெற்றியைக் கொண்டாட இருட்டுக்கடை அல்வா வாங்கப் போய்விட்டு, அந்த நினைவூட்டலை ஐந்தாம் நாள்தான் எழுதினோம். அதற்குள் சிலர் கைவிட்டுப் போயிருந்தார்கள்.