பத்தியச் சோறும் பச்சைப்பிள்ளையும்

கேள்வி: மருமகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. எங்கள் வழக்கப்படி சோறு, சுட்ட கருவாடு, மிளகு ரசம் மட்டும்தான். பருப்பு, முட்டை கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டோம். கிளினிக்கில் கொடுத்த வைட்டமின் பி1 மாத்திரை அப்படியே இருக்கிறது. பால் கொடுக்கிறவள் அதைச் சாப்பிடலாமா?
- வாசகி, பெகு

பதில்: சாப்பிடலாமா என்று கேட்கவே வேண்டாம் அம்மா, இன்றைக்கே கொடுக்க ஆரம்பியுங்கள்.

நாம் சாப்பிடும் தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடு இல்லை, தவிட்டோடு பி1 என்கிற தயமின் சத்தும் பெரும்பாலும் போய்விடுகிறது, மிச்சம் மீதியையும் நன்றாகக் கழுவி, கஞ்சியோடு வடித்துக் கொட்டிவிடுகிறோம். இதில் பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் தாய்க்கு அந்தச் சத்து எங்கிருந்து வரும்? அவள் பார்க்க நன்றாகத்தான் இருப்பாள், கால் மதமதப்பு இருந்தாலும் பிரசவ அலுப்பு என்று விட்டுவிடுவோம். ஆனால் பாலில் பி1 குறைந்துவிடும். அந்தப் பாலை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்கு இரண்டு, மூன்று மாதத்தில் பெரிபெரி என்கிற பி1 குறைபாட்டு நோய் வரலாம்.

கொழுகொழுவென்று இருந்த பிள்ளை திடீரென்று பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும், அழுதால் குரல் கம்மும், சில பிள்ளைகளுக்குச் சத்தமே வராது. இதயம் தளர்ந்து ஒரே நாளில்கூட உயிர் போய்விடும். நேரத்துக்கு பி1 ஊசி போட்டால் அதே பிள்ளை சில மணி நேரத்தில் தேறிவிடும். அதனால் குரல் மாறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இது எங்கேயோ நடப்பதில்லை. 1980களின் கடைசியில், தாய்லாந்து எல்லையில் இருந்த பர்மாவின் கரென் இன அகதிகள் முகாமில், மலேரியாவை ஆராயப் போன ஷோக்லோ மலேரியா ஆராய்ச்சிப் பிரிவு மருத்துவர்கள் பிள்ளைச் சாவுகளையும் கணக்கெடுத்தார்கள். ஒரு வயதுக்குள் இறந்த பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பெரிபெரியால் இறந்தவை! அங்கேயும் தாய்மார்கள் பிள்ளை நல்லாயிருக்கவேண்டும் என்றுதான் வாயைக் கட்டினார்கள். நம் பர்மாவில் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்வரை தாய்க்கு பி1 கொடுப்பது இதற்காகத்தான்.

மிளகு ரசமும் கருவாடும் இருக்கட்டும், யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கூடவே பருப்பு, பச்சைப்பயறு, முட்டை, நான்-ரொட்டியோடு நாம் சாப்பிடும் வேகவைத்த பட்டாணி, எது கிடைக்கிறதோ அதைக் கொடுங்கள். வெற்றிலை பாக்கும் லபெட்டும் (ஊறவைத்த தேயிலை) பி1ஐக் கெடுக்கும், கொஞ்ச நாள் வேண்டாம்.

கேள்வி: 15 சத்துகள் சேர்ந்த கர்ப்பிணி மாத்திரை வந்திருக்கிறதாமே, இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிட்டு அதற்கு மாறலாமா?
- வாசகர், ரங்கூன்

பதில்: நல்ல மாத்திரைதான். இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் 31,290 கர்ப்பிணிகளிடம் சோதித்து 2008ல் வெளியிட்டார்கள், இரும்பு, ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டவர்களைவிட இந்த மாத்திரை சாப்பிட்டவர்களின் பிள்ளைகளில் முதல் மூன்று மாதச் சாவு 18 சதவீதம் குறைவு. வங்காளதேசத்தில் நடந்த சோதனையில் எடை குறைந்த பிள்ளைகள் குறைந்தார்கள், சாவு அந்த அளவுக்குக் குறையவில்லை. கிடைத்தால் டாக்டரைக் கேட்டு மாறுங்கள், அதிலேயே இரும்பும் இருக்கிறது. கிடைக்கும்வரை கையில் இருக்கும் இரும்பு மாத்திரையை ஒரு நாளும் விடவேண்டாம், டீயோடு மட்டும் சாப்பிடாதீர்கள். 15 சத்து மாத்திரையில் பி1 வெறும் 1.4 மில்லிகிராம்தான், அதனால் கடைசி மாதத்தில் கொடுக்கும் தனி பி1 மாத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.