மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

வாசகர் கேள்விகளுக்கு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது கோட்டையூரில் வசிப்பவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கண்டனூர்க்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று திருச்சியில், விமான நிலையத்துக்குத் தெற்கே உள்ள ஒரு மண்டபத்தில் நடக்கிறது. விமான நிலைய வாசலிலிருந்து காரில் போனபோது மீட்டர் 10 கிலோமீட்டர் காட்டியது. மாப்பிள்ளை அழைப்பை டிரோனில் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். டிரோனின் எடை 900 கிராம். அனுமதி விண்ணப்பத்தில் நோக்கம் என்ற இடத்தில் ‘கல்யாண வீடியோ’ என்றும், நேரத்துக்கு ‘நாள் முழுவதும்’ என்றும், உயரத்துக்கு ‘100 மீட்டர்’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். இது போதுமா?
– ஒளிப்படக் கலைஞர், காரைக்குடி

பதில்: போதாது, தம்பி. அனுப்புவதற்கு முன் கேட்டீர்களே, அதுவே நல்லது.

முதலில் தூரம். கார் மீட்டர் சாலையின் வளைவுகளையும் சேர்த்துக் காட்டும். விதிகள் கணக்கிடுவது நேர்கோட்டில், அதுவும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து. பயணிகள் இறங்கும் கட்டடத்திலிருந்து அளப்பது பலரும் செய்யும் பிழை. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் டிரோன் மண்டலங்களைக் காட்டும் வரைபடத்தில் மண்டபத்தைத் தேடி வைத்துப் பாருங்கள். உங்கள் 10 கிலோமீட்டர் 7 ஆகச் சுருங்கினாலும் நான் வியப்படைய மாட்டேன். அந்தச் சுருக்கத்தில்தான் எல்லாம் மாறுகிறது.

2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி, எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி, அதாவது 60 மீட்டர் உயரம் வரை பச்சை மண்டலம். அங்கே 60 மீட்டருக்குக் கீழே பறப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அதற்கு மேலே போனால் மஞ்சள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி வேண்டும். 8 கிலோமீட்டருக்கு உள்ளே வந்துவிட்டால் தரையிலிருந்து கிளம்புவதற்கே கேட்டாக வேண்டும். இன்னும் நெருங்கினால் சிவப்பு. அங்கே மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது. முன்பு இந்த மஞ்சள் வட்டம் 45 கிலோமீட்டருக்கு விரிந்திருந்தது. 12 ஆகக் குறைத்தது உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விடுதலை. 200 அடி எவ்வளவு என்று மனதில் நிறுத்திக்கொள்ள, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி. அதன் கலசத்தைத் தொடாத உயரம்.

இனி நீங்கள் எழுதியிருக்கும் 100 மீட்டருக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இறங்கும் விமானம் சுமார் 3 பாகைச் சரிவில் வருகிறது. கணக்குப் போட்டால், ஓடுதளத்தின் முனையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் தூரத்துக்கும் ஏறத்தாழ 170 அடி உயரம். 5 கிலோமீட்டரில் 850 அடி. 2 கிலோமீட்டரில் 340 அடி, அதாவது ஏறத்தாழ உங்கள் 100 மீட்டர்.

நான் பணியாற்றிய ஓர் ஊரில் ஒரு மாலை, இறங்க அனுமதி கொடுத்துவிட்ட விமானத்தின் விமானி, வலப்பக்கம் ஏதோ அசையாமல் நிற்கிறது, பறவை மாதிரி இல்லை என்றார். இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வரச் சொன்னேன். பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு விமானத்தையும் ஒதுக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினோரு நிமிடத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறகு தெரிந்தது, புதுமனை புகுவிழாவுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. 100 மீட்டர்தானே, விமானமெல்லாம் எங்கேயோ மேலே போகும் என்று நினைத்திருக்கிறான். அவன் நின்ற இடம் ஓடுதள முனையிலிருந்து 2 கிலோமீட்டர்.

ஆகவே உங்கள் தாளைப் படிக்கப்போகிறவரை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். அவருக்கு உங்களைத் தெரியாது, மண்டபத்தையும் தெரியாது. அந்தத் தாளைப் பார்த்ததும் வானத்தில் உங்கள் டிரோன் எங்கே நிற்கும் என்பது அவர் கண்ணில் தெரிய வேண்டும். ‘கல்யாண வீடியோ’ என்பதைப் படித்தால் தெரியாது. மண்டபத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. அந்தப் புள்ளியைச் சுற்றி 100 மீட்டர் ஆரத்துக்கு வெளியே போக மாட்டேன். தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் ஏற மாட்டேன் என்று எழுதுங்கள். ஊர்வலம் எடுக்க 30 மீட்டர் தாராளம். அதற்கு மேலே போனால் மாப்பிள்ளையின் தலைப்பாகைகூடத் தெரியாது. ‘தரையிலிருந்து’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விமானிகள் கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரத்தில் பேசுகிறவர்கள். உங்கள் ரிமோட்டில் தெரிவதோ கிளம்பிய இடத்திலிருந்து உள்ள உயரம். மொட்டை மாடியிலிருந்து கிளப்பினால் மாடியின் உயரத்தையும் நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

‘நாள் முழுவதும்’ என்று கேட்டால் கொடுக்க மாட்டார்கள். நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஊர்வலம் கிளம்பும் நேரத்தைப் பெண் வீட்டாரிடம் உறுதிசெய்துகொண்டு, மாலை 6 முதல் 6.20 வரை என்று கேளுங்கள். கோபுரத்தில் உலகப் பொது நேரத்தில்தான் வேலை நடக்கிறது. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து, பகல் 12.30 முதல் 12.50 என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிட்டால், படிப்பவருக்கு ஒரு கணக்கு மிச்சம். திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மண்டபம் தெற்கே இருப்பது உங்களுக்குச் சாதகம். இறங்கும் பாதைக்கு நேர் கீழே இல்லை என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். டிரோனின் தனித்துவ அடையாள எண், மூன்றாம் நபர் காப்பீடு, உடனே எடுக்கப்படும் ஒரு கைப்பேசி எண் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். அந்தக் கைப்பேசியை மேளம் ஒலிக்கும் இடத்தில் நிற்பவரிடம் கொடுக்காதீர்கள். கிளப்புவதற்கு முன்னும் இறக்கிய பின்னும் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றும் எழுதுங்கள். அதைச் செய்யவும் செய்யுங்கள்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையுள்ளவை மைக்ரோ வகை. சொந்த ஆசைக்குப் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் வேண்டாம். நீங்கள் கூலி வாங்கிக்கொண்டு எடுக்கிறீர்கள். ஆகவே அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் பயின்று வாங்கிய சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறி 18 வயது நிறைந்திருந்தால் சேரலாம். விதியை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும்.

அனுமதி வராவிட்டால் கல்யாண வீட்டாரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். வேறு வழியும் இருக்கிறது. முதல் நாள் கண்டனூர் வீட்டில் சடங்குகள் நடக்குமல்லவா? அங்கே போய் எடுங்கள். திருச்சியின் வட்டங்களெல்லாம் அங்கே எட்டாது. முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு என்று பின்வாசல் வரை நீளும் அந்தக் கூரையின் மேல் டிரோன் மெல்ல நகர்ந்தால் கிடைக்கும் படம், எந்த மண்டபத்திலும் கிடைக்காது.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் பேரன் தீபாவளிக்கு வருகிறான். 249 கிராம் டிரோன் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறானாம். எங்கள் வீட்டு ஓடு எங்கே ஒழுகுகிறது என்று மேலிருந்து பார்த்துத் தருகிறேன் என்கிறான். கொண்டுவரலாமா?
– தேவகோட்டை வாசகி

பதில்: வேண்டாம் ஆச்சி. இன்றே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. எடை குறைவு, பொம்மை மாதிரி இருக்கிறது என்பதெல்லாம் சுங்க அதிகாரியிடம் செல்லாது. பிள்ளை ஆசையாகச் சம்பாதித்து வாங்கியதைக் கண்ணெதிரே பறிகொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது எவ்வளவு வருத்தம்!

கூரை பார்க்கும் யோசனை மிக நல்லது. அதை விட்டுவிடாதீர்கள். நாட்டு ஓட்டின் மேல் ஆள் ஏறினால் பார்க்கப் போனவர் காலாலேயே பத்து ஓடு உடையும். காரைக்குடியில் பதிவுபெற்ற டிரோன் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வரச் சொல்லுங்கள். தீபாவளி வரை காத்திருந்தால் ஐப்பசி மழை முந்திக்கொள்ளும், புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது நகர்ந்த ஓட்டின் நிழல் தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வளவு முற்றத்தைச் சுற்றி நான்கு கூரைகளும் உள்நோக்கிச் சரிந்து சேரும் மூலைகளை நெருக்கமாக எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒழுகியது அந்த மூலையில்தான். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திறந்த முற்றத்தில் பெண்கள் வற்றல் காயவைத்துக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேல் கேமரா வந்து நின்றால் கோபம் வருவது நியாயம்.

கேள்வி: கல்லல் பக்கம் நெல்லுக்கு டிரோனில் மருந்து தெளிக்கிறார்கள். வயலின் சொந்தக்காரனான நான் அனுமதி வாங்க வேண்டுமா?
– விவசாயி, கல்லல்

பதில்: வயல் பச்சை மண்டலத்தில் இருந்தால் பறப்பதற்கு முன்னனுமதி வேண்டாம். ஆனால் மருந்து நிரம்பிய தெளிப்பு டிரோன் கல்யாணக் கேமராவைப் போல லேசானது இல்லை. ஓட்ட வருபவரின் பைலட் சான்றிதழையும் டிரோனின் அடையாள எண்ணையும் கேட்டுப் பார்த்துவிட்டு வரப்பில் இறங்க விடுங்கள். பக்கத்து வயலில் ஆடு மேய்ந்தால் ஓட்டி அனுப்பிய பிறகே தெளிக்க வேண்டும்.

கேள்வி: பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி விழாவின்போது வரைபடத்தில் பச்சை என்று பார்த்துத்தான் போனேன். காவல்துறையினர் பறக்கவிடக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அது சரியா?
– கல்லூரி ஆசிரியர், திருப்பத்தூர்

பதில்: எந்த நாளில் வரைபடத்தைப் பார்த்தீர்கள் என்பது முக்கியம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓரிடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க விதி இடம் கொடுக்கிறது. முந்தின வாரம் பச்சையாக இருந்தது விழா நாளில் சிவப்பாக இருக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு முறை கிளப்புவதற்கு முன்னும் டிஜிட்டல் ஸ்கை தளத்தைப் பார்த்தாக வேண்டும் என்பது கட்டாயம். அறிவிப்பு ஏதும் இல்லாத நாளாக இருந்தாலும், அவ்வளவு கூட்டத்தின் தலைக்கு மேல் பேட்டரியில் ஓடும் ஓர் இயந்திரத்தை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். தேர் இழுப்பவர்கள் அண்ணாந்து பார்க்க முடியாது. கோயில் நிர்வாகத்தின் ஒப்புதலோடு கூட்டமில்லாத ஒரு விடியற்காலையில் ஊருணிக் கரையிலிருந்து எடுங்கள்.

கேள்வி: செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைப் பக்கம் உள்ள பழைய விமான ஓடுதளத்தை மேலிருந்து படம் எடுத்து ஒரு கட்டுரை செய்ய விரும்புகிறேன். விமான ஓடுதளம் என்பதால் தடை இருக்குமா? அப்படியே ராமேஸ்வரத்தையும் எடுக்க நினைக்கிறேன்.
– கல்லூரி மாணவி, கானாடுகாத்தான்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ஓடுதளம் அது. என் அப்பச்சி சிறுவனாக இருந்தபோது, வேலியோரம் மற்றப் பிள்ளைகளோடு நின்று விமானம் இறங்குவதைப் பார்த்ததாகச் சொல்வார். சத்தம் கேட்டதும் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். நான் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலைக்குச் சேர்ந்ததற்கு அந்தக் கதைதான் காரணம்.

விதியில் உள்ள சொல் ‘செயல்பாட்டில் உள்ள விமான நிலையம்’. இங்கே விமானப் போக்குவரத்து எப்போதோ நின்றுவிட்டது. கேட்பதற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் இல்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். இருந்தாலும் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். இந்த ஓடுதளத்தை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது. என்றைக்காவது அது நடந்தால் வரைபடத்தின் நிறமும் மாறும். ஆகவே என் பேச்சை நம்பாமல் அன்றன்றைக்கு வரைபடத்தைப் பாருங்கள். அடுத்து, அது அரசு நிலம். வானத்துக்கு அனுமதி வேண்டாம் என்பதால் தரையில் கால் வைக்கவும் வேண்டாம் என்று ஆகிவிடாது. பொறுப்பு அதிகாரிக்குக் கடிதம் கொடுங்கள், கல்லூரி முத்திரையோடு.

ராமேஸ்வரம் முற்றிலும் வேறு கதை. போகும் வழியில் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது. அதன் வானம் கடற்படையின் பொறுப்பு. தஞ்சாவூர் என்றால் விமானப்படை, திருச்சியும் மதுரையும் இந்திய விமான நிலைய ஆணையம் என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் கேட்க வேண்டிய இடம் வேறு. கடற்படைத் தளத்தை ஒட்டிய கடற்கரையில் அனுமதியில்லாமல் டிரோனோடு நின்றால், கட்டுரைக்காக என்று நீங்கள் விளக்குவதற்குள் பொழுது போய்விடும். முதல் கட்டுரைக்கு உங்கள் ஊர் ஓடுதளமே போதும்.

காலை வெயிலில் கிழக்கிலிருந்து எடுங்கள். புல்லுக்கு அடியில் புதைந்திருக்கும் பழைய விளிம்புகள் அப்போது கோடாகத் தெரியும். 60 மீட்டரில் ஒன்று, 100 மீட்டரில் ஒன்று. இந்த இதழின் முகவரிக்கு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அப்பச்சி நின்ற வேலியோரம் எது என்று கண்டுபிடிக்க முடிகிறதா பார்க்க வேண்டும்.