எஸ் பாஸில் சிங்கப்பூர் வரும் தம்பிக்கு

நீடாமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு,

டிப்ளமா முடித்து, திருச்சியில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது எஸ் பாஸில், அதாவது நடுத்தரத் திறன் கொண்ட வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், சிங்கப்பூர் வர இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எச்சில் துப்பினாலே பிடித்துக்கொண்டு போவார்களாமே, அரசியலே பேசக் கூடாதாமே, வந்தால் அங்கேயே தங்கிவிடலாமா, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். குடும்பத்தோடு இங்கே நிலைத்துவிட்டவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கதை கதையாகச் சொல்லப்படும் அபராதமும் பிரம்படியும் உங்கள் பக்கம் வரப்போவதில்லை. உங்களை ஆளப்போவது சட்டைப்பையில் இருக்கும் அந்த அட்டையும், அதை எடுத்துக் கொடுத்த முதலாளியும்தான்.

குப்பை போட்டால் அபராதம் என்பதும், ரயிலில் எதையும் தின்னக் கூடாது என்பதும், சூயிங்கம் விற்பனைக்கு 1992-இலிருந்து தடை இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் வேலைக்குப் போய்வரும் மனிதனுக்கு இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். வாயில் அதக்கும் புகையிலைப் பொட்டலத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. மின்சிகரெட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம். சிகரெட்டில் ஒரு பாக்கெட்டுக்குக்கூட வரிவிலக்கு இல்லை. கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே சொல்லி வரி கட்டிவிட வேண்டும். பொது இடத்தில் இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை மது அருந்தக் கூடாது என்பதும், லிட்டில் இந்தியாவில் வார இறுதி முழுவதுமே கூடாது என்பதும் 2015-இல் வந்த சட்டம். 2013 டிசம்பரில், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ஒருவர் அங்கே பேருந்தில் சிக்கி இறந்ததை ஒட்டி மூண்ட கலவரத்தின் விளைவு அது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நண்பர்களைப் பார்க்கப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். விசா முடிந்தும் 90 நாளுக்கு மேல் ஒளிந்து தங்கினால் சிறையோடு பிரம்படியும் உண்டு. அந்தத் துணிச்சலை யாராவது யோசனையாகச் சொன்னால் அவர் பக்கமே போகாதீர்கள்.

இதைவிடப் பெரிய கவலை எனக்குப் பெட்டி கட்டுவதில்தான். உங்கள் அம்மா கறிக்குழம்புக்கு வறுத்து அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருக்கும். ஒரு கைப்பிடியைத் தனியாகவும் ஒரு பொட்டலத்தில் மடித்துப் பருப்புப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே செருகிவிடுவார்கள். சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் பட்டியலில் இருக்கிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி அதை எடுத்துவிடுங்கள். தூக்க மாத்திரையும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேண்டுமென்றால் மருத்துவர் சீட்டோடு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். புறப்படும் நாளன்று, “எம் மாப்பிள்ளைகிட்ட இத மட்டும் குடுத்துடு தம்பி” என்று தெருவில் யாராவது ஒரு பார்சலோடு வருவார்கள். மறுப்பது நம் பழக்கத்தில் இல்லை. ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். 15 கிராமுக்கு மேல் ஹெராயினோ 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் இங்கே மரண தண்டனை. பெட்டி உங்கள் பெட்டி என்றால், உள்ளே இருப்பது தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இனி அட்டைக்கு வருகிறேன். எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்); வயது கூடக்கூட அதுவும் கூடும். வேலைக்கு ஒப்புதல் கிடைத்ததும் ஐபிஏ என்ற கடிதம் வரும். அதில் உங்கள் நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு என்று மனிதவள அமைச்சுக்கு முதலாளி அறிவித்த தொகை இருக்கும். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே, முகவர் வாயால் சொன்ன தொகையையும் அதில் அச்சாகியிருக்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் அறிந்த ஒரு பையனுக்குக் கடிதத்தில் ஒரு தொகையும் கைக்கு வந்தது வேறு தொகையுமாக இருந்தது. மீதியை மாதாமாதம் ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படி வேலைக்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது இங்கே குற்றம். அரசுக்கு முதலாளி கட்டும் தீர்வையையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இங்குள்ள முகவர் உங்களிடம் அதிகபட்சமாக இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம். நம் பக்கத்தில் நிலத்தை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்த வரம்பு இருப்பதே தெரிவதில்லை.

சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். சம்பளச் சீட்டும் தர வேண்டும். சீட்டை வாங்கி, ஒரு படத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி விழுந்தால் வேலையில் இருக்கும்போதே 1 ஆண்டுக்குள் முறையிடலாம். வேலையை விட்டுவிட்டால் 6 மாதம்தான். ஊரில் போல, பெரிய மனிதர் ஒருவரை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினால் உரிமையே கைவிட்டுப் போய்விடும். வேலை போனால் பாஸும் ரத்தாகும். அதன்பிறகு சுமார் 30 நாள்தான் அவகாசம். சொன்னால் சம்பளம் வரும், ஆனால் வேலை போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. சட்டப் புத்தகத்தில் தொழிலாளியின் பக்கம் எவ்வளவு எழுதியிருந்தாலும், பாஸ் முதலாளியின் கையில் இருக்கும்வரை தராசு சமமாக நிற்காது என்பது என் எண்ணம்.

அன்றாட வாழ்க்கை சுகமானது; அதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பேருந்து நேரத்துக்கு வரும், குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், நள்ளிரவில் ஒரு பெண் தனியாக நடந்து வீட்டுக்குப் போகலாம். வாடகை அறைதான் கடினம். சமைக்கக் கூடாது என்பார்கள். சிலர் இந்தியர் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள். இவ்வளவு கண்டிப்பான நாட்டில் இன்றும் தொழிலாளிகளை லாரியின் பின்பக்கத்தில் உட்கார வைத்து ஏற்றிப் போகிறார்கள். நாடாளுமன்றத்தில் பலமுறை பேசியும் அது நிற்கவில்லை. இங்கே வாழ்கிறவன் என்ற முறையில் எனக்கு அது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அரசியல் பேசலாமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை. கோப்பிக்கடையில் உட்கார்ந்து தமிழ்நாட்டுத் தேர்தலை அலசுவதை யாரும் தடுக்க மாட்டார்கள். அலசாத ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஆனால் கொடி, ஊர்வலம், கண்டனக் கூட்டம் என்று இறங்க முடியாது. பொது இடத்தில் ஒருவர் தனியாகப் பதாகை பிடித்து நின்றாலும் இங்கே அனுமதி வேண்டும். ஹோங் லிம் பூங்காவில் பேசுவதற்கென்று ஒதுக்கிய இடமும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லையென்றால் மறுநாளே சாலையில் உட்கார்ந்துவிடும் மண்ணிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் செரிக்க நாளாகும். 2012-இல் சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் சம்பளத்துக்காக வேலைக்குப் போகாமல் நின்றபோது, 5 பேர் சிறைக்குப் போனார்கள். 29 பேர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மதத்தையோ இனத்தையோ இழிவாக முகநூலில் எழுதினால் வேலையும் போகும், வழக்கும் வரும். ஊரில் அனுப்பிய பழக்கத்தில் இங்கிருந்து எதையும் பகிராதீர்கள்.

நம் பக்கத்தில் சிங்கப்பூர் ஆட்சியின்மேல் இருக்கும் பக்தி தனி. 2015-இல் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ மறைந்தபோது மன்னார்குடி வட்டாரத்தில் அஞ்சலிப் பதாகைகள் வைத்தார்கள். 2023-இல் சிங்கப்பூருக்கு வந்த முதல்வர் மு.க. ஸ்டாலின், மன்னார்குடியில் லீ குவான் இயூ பெயரில் நூலகமும் சிலையும் அமைக்கப்படும் என்று அறிவித்தார். அந்த நன்றியில் எனக்குக் குறையில்லை. எத்தனையோ ஓட்டு வீடுகள் மாடி வீடுகளானது இந்த வெள்ளியில்தான். ஆனால் “அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று டீக்கடையில் சொல்கிறவர்கள், அதே சட்டம் வந்தால் அந்த டீக்கடைப் பேச்சே அடங்கிவிடும் என்பதை எண்ணுவதில்லை. சிங்கப்பூரை 1959-இலிருந்து மக்கள் செயல் கட்சி என்ற ஒரே கட்சி ஆள்கிறது. 2025 தேர்தலிலும் 97 இடங்களில் 87 அதற்கே கிடைத்தன. வாக்குகள் நேர்மையாகவே எண்ணப்படுகின்றன. வீடும் பள்ளியும் மருத்துவமனையும் கொடுத்ததற்கு மக்கள் போட்ட வாக்கு அது. எதிர்த்துப் பேசுகிறவருக்கு இடம் குறைவு என்பதும் அதே அளவு உண்மை.

தங்குவதா திரும்புவதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மனைவியை அழைத்துவர நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். முதுமைக்காக முதலாளியும் தொழிலாளியும் பணம் போடும் மத்திய சேம நிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். உங்களுக்கு முதலாளி எதுவும் போட மாட்டார். ஆகவே முதுமைக்கு நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் நிரந்தரவாசம் கிடைத்து மகனையும் அதில் சேர்த்தால், அவன் இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்தே ஆக வேண்டும். வேரூன்ற வேண்டும் என்று நினைத்தவர்களும் நம்மில் உண்டு. 1935-இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி திருவாரூர்க்காரர், ஐம்பதுகளில் தமிழர்களைக் குடியுரிமை எடுக்கச் சொல்லி இயக்கமே நடத்தினார். இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் வாக்குரிமை உண்டு, ஆனால் நேரில் ஊருக்கு வந்துதான் போட முடியும். தபால் வாக்கு இல்லை.

கடைசியாக நிலம். நம்மவர் எல்லோருக்கும் இங்கே சம்பாதித்து ஊரில் இரண்டு மா நஞ்சை வாங்க ஆசை. வெளிநாடுவாழ் இந்தியர் ஆனபின் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அப்பா தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தாலும் அது விவசாய நிலத்துக்குச் செல்லாது. வாரிசாக வருவது மட்டுமே செல்லும். வீட்டு மனை வாங்கலாம். ஆகையால் உங்கள் பாகம் பிரிய வேண்டியிருந்தால், புறப்படுவதற்கு முன் பாகப்பிரிவினையைப் பதிந்து, பட்டாவில் பெயரும் மாறிவிட்டதா என்று பாருங்கள். ஊரில் இருக்கும் வங்கிக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி, இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ என்ற தனிக் கணக்கும் தொடங்குங்கள். ஐபிஏ கடிதம் வந்ததும் பாஸ்போர்ட் எண்ணை மறைத்துவிட்டு ஒரு படம் அனுப்புங்கள். சம்பளப் பகுதியைப் பார்த்துச் சொல்கிறேன்.